வாயாடி

கூப்பிட்டால் திரும்பாத மகளை டிங்கர் முதலில் செவிடு என்றுதான் நினைத்தான். நினைத்த கையோடு பழியையும் தன் தலையிலேயே தூக்கி வைத்துக்கொண்டான். தொழில் அப்படி. இடிபட்ட காரின் கதவைக் கழற்றி, தகரத்துக்கு அடியில் இரும்புக் கட்டையைக் கொடுத்து, மேலே சுத்தியலால் தட்டித் தட்டி ஒடுக்கெடுக்கிற வேலை. பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்துதான் இருந்தது. தாய் வயிற்றில் இருந்தபோதே இந்த டங் டங்கைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குக் காது போகாமல் என்ன செய்யும்?

காது டாக்டர் வயரெல்லாம் மாட்டிப் பார்த்தார். காதில் ஒரு குறையும் இல்லை என்றார். பிள்ளைகள் வளர்ச்சியைப் பார்க்கிற டாக்டர் ஒருவர் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அவரிடம் காட்டுங்கள் என்றும் சொன்னார். டிங்கரின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. அதையும் நம்பாமல், வீட்டுக்கு வந்ததும் மகளின் முதுகுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டான். தட்டு சுழன்று சுழன்று ஆடி அடங்கியது. பிள்ளை திரும்பவில்லை. ஜன்னல் கம்பிகளில் விரலை ஓட்டிக்கொண்டே நின்றது. உள்ளே அவன் மனைவி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாள். அந்தச் சரசரப்பு டிங்கருக்கே சரியாகக் கேட்கவில்லை. பிள்ளை ஜன்னலை விட்டு நேராகச் சமையலறைக்குள் போனது.

"கேக்குது," என்றான் டிங்கர்.

"அதைத்தானே டாக்டரும் சொன்னாரு."

"அப்ப கூப்பிட்டா ஏன் திரும்ப மாட்டேங்குது? வேணும்னே பண்ணுதா?"

மனைவி குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தாள்.

அந்தப் பிள்ளையை வீதியே வாயாடி என்றுதான் கூப்பிட்டது. நடை பழகுவதற்கு முன்னால் பேச்சு வந்துவிட்டது. சைக்கிளைப் பார்த்தால் "கிணி கிணி", மழையைப் பார்த்தால் "போச்சு போச்சு". பட்டறைச் சத்தம் கேட்டால் "அப்பா டங்கு" என்று வாசலைப் பார்த்துக் கை நீட்டும். டிங்கர் சாப்பாட்டுக்கு வரும்போது படியிலேயே மறித்து, தனக்குத் தெரிந்த எல்லாச் சொல்லையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டுத்தான் உள்ளே விடும். இப்போது அது அவனைத் தாண்டிப் போகிறது. நாற்காலியைத் தாண்டிப் போவதுபோல. ஒருநாள் எதிர்வீட்டு அம்மாள் பழக்க தோஷத்தில் "என்னடி வாயாடி" என்று கன்னத்தைக் கிள்ள, டிங்கரின் மனைவி பிள்ளையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. பாப்பா ஆகிவிட்டது.

பட்டறைக்கு வருகிற வண்டிக்காரர்கள் உண்மை பேசுவது கிடையாது. "நின்னுட்டிருந்த வண்டில எவனோ வந்து இடிச்சுட்டுப் போயிட்டான்" என்பார்கள். டிங்கர் குனிந்து ஒடுக்கின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவுவான். "பின்னால எடுக்கும்போது தூணைப் பாக்கல, அப்படித்தானே?" என்பான். வண்டிக்காரர் அசடு வழிவார். அடி இல்லாமல் ஒடுக்கு விழாது என்பது அவனுக்கு மூச்சு விடுவது மாதிரி தெரிந்த விஷயம். மகள் விஷயத்திலும் புத்தி அந்தத் தடத்திலேயே ஓடியது. எங்கே பட்டது, யார் கை பட்டது.

பட்டறையில் வண்ணம் அடிக்கிற பெயிண்டர் வயதில் மூத்தவர். டீ குடிக்கும்போது அவரிடம் சொன்னான்.

"பிள்ளை எதையோ பாத்துப் பயந்திருக்கும்டா," என்றார் பெயிண்டர்.

"எதைண்ணே?"

"எதைன்னு கேக்காத, யாரைன்னு கேளு. பகல்ல யார்கிட்ட இருக்கு?"

"மாடியக்காகிட்ட. இவ சூப்பர் மார்க்கெட்ல பில் போடப் போயிட்டா, சாயங்காலம் வரைக்கும் அங்கதான்."

"அந்தம்மா தங்கம். அது வேற விஷயம். அங்க இன்னொரு ஆளு வந்திருக்காரே, ஃபேன் ரிப்பேரு."

"அக்காவோட தம்பி. ஃபேன் கம்பெனில இருந்தாரு, கம்பெனியை மூடிட்டாங்க."

"கல்யாணம் ஆகல, இல்ல? அம்பதை நெருங்கியிருக்கும். பகல் பூரா வீட்டுக்குள்ள." பெயிண்டர் டீயை ஊதினார். "அவரு எப்ப வந்தாரு?"

"மழை ஆரம்பிக்கிற சமயம்."

"பிள்ளை பேச்சு எப்ப நின்னுச்சு?"

டிங்கர் டம்ளரைக் கீழே வைத்தான்.

"நான் ஒன்னும் சொல்லல," என்றார் பெயிண்டர்.

அன்றைக்கு அவன் அடித்த அடியில் ஒரு தகரம் கிழிந்துபோனது.

மாடியக்கா அதே கட்டடத்தில் மேல் வீட்டுக்காரி. வேலைக்குப் போகிற தாய்மார்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்வதுதான் அவளுக்குப் பிழைப்பு. வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம். அவளை டிங்கர் சந்தேகப்படவில்லை. தம்பிக்காரரைத்தான் உற்றுப் பார்க்க ஆரம்பித்தான். பட்டறையில் ஒரு வேலை பாதியில் இருக்கும்போது, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கீழேயே விட்டுச் சத்தம் வராமல் மாடி ஏறுவான். கதவு எப்போதும் திறந்துதான் இருக்கும். திறந்தே வைத்திருக்கிறார்களே, எதற்கு என்று அதுவும் உறுத்தியது.

ஒருநாள் எட்டிப் பார்த்தான். மற்றப் பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தன. ஃபேன்காரர் ஒரு மூலையில் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில், ஸ்டாண்டில் மாட்டியிருந்த ஃபேனின் இறக்கையை அவ்வப்போது ஒற்றை விரலால் சுண்டிவிட்டார். அது மெல்லச் சுற்றி நின்றது. அதன் முன்னால் பாப்பா. கண் கொட்டவில்லை. இரண்டு கையையும் தோளுக்கு நேராகத் தூக்கி உதறிக்கொண்டு சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று!

"வா தம்பி," என்றார் ஃபேன்காரர். "இதைச் சுத்திவிட்டாப் போதும், அவ்வளவு சந்தோஷம் இவளுக்கு."

"உங்ககிட்ட பேசுதா அண்ணே?"

"எங்க... முன்ன மாதிரி இல்லைன்னு அக்காதான் சொல்லுது. நானே உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு..."

"டேய்," என்று உள்ளேயிருந்து மாடியக்காவின் குரல் வெட்டியது. "சோறு ஆறுது. முதல்ல வந்து உக்காரு."

ஃபேன்காரர் பேச்சை விழுங்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்து முகம்கூடக் கழுவவில்லை, டிங்கர் ஆரம்பித்துவிட்டான்.

"ஏதோ சொல்ல வந்தாரு. அந்தம்மா வாயை அடைச்சுட்டாங்க. ஏன் அடைக்கணும்?"

"சாப்பிடக் கூப்பிட்டிருப்பாங்க."

"சரியா அந்த நேரத்துலயா? நம்ம முன்னாடி சிரிக்காத பிள்ளை அந்த ஆளு முன்னாடி சிரிக்குது. என்னத்தைக் காட்டி மயக்கி வெச்சிருக்காரோ. இங்க பாரு, படிக்கட்டுப் பக்கம் போனாலே கத்துதுன்னு நீதானே சொன்ன?"

"கத்துது."

"அவரு வந்த பிறகுதானே எல்லாம்?"

மனைவி புடவைத் தலைப்பைப் பிடித்துச் சுருட்டினாள், விட்டாள், மறுபடி சுருட்டினாள். "இருக்கும்," என்றாள் கடைசியில். "எனக்கும் அப்படித்தான் தோணுது."

சொல்லிவிட்டு அவள் பெருமூச்சு விட்டதைப் பார்த்தான். பயத்தில் விடுகிறாள் என்று எடுத்துக்கொண்டான்.

அதற்கப்புறம் எது நடந்தாலும் ஒரே பக்கம்தான் கை காட்டியது. பாப்பா தூக்கத்தில் திடுக்கிட்டால் அவர். சாப்பாட்டைத் தள்ளினால் அவர். செருப்புகளையெல்லாம் இழுத்து வந்து சுவரோரம் வரிசையாக அடுக்கினால், அவர் கற்றுக்கொடுத்த ஏதோ விளையாட்டு. முழங்காலில் ஒரு கன்றிய தடம் இருந்தது. அதன் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தான். தகரம் சொல்வதுபோல் அது எதுவும் சொல்லவில்லை. சொல்லாததும் சந்தேகமாகத்தான் இருந்தது.

அந்த மதியம் நல்ல வெயில். டிங்கர் படியேறிப் போனபோது மாடியக்கா மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அறைக்குள் ஃபேன்காரர் பாப்பாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பாப்பா உடம்பை வில்லாக வளைத்துக் கத்திக்கொண்டிருந்தது. கரண்ட் போட்டு ஓடிக்கொண்டிருந்த ஃபேன் ஒன்று கூண்டு இல்லாமல் பக்கத்தில் சுற்றியது. அதை டிங்கர் பார்த்தான். ஆனால் அப்போது கண்ணில் நின்றது அந்தக் கை மட்டும்தான்.

"விடுடா கையை."

"தம்பி, இறக்கைக்குள்ள கையை விடப் பாத்துச்சு, அதான்..."

அடுத்த சொல் வரவில்லை. சுத்தியல் பிடித்துப் பழகிய கை அவர் வாயில் இறங்கியது. ஃபேன்காரரின் உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அவர் கையை ஓங்கவில்லை, முகத்தை மட்டும் மறைத்துக்கொண்டார். அது குற்றமுள்ள ஆள் செய்கிற காரியம் என்று டிங்கருக்குப் பட்டது. சட்டையைப் பிடித்துப் படியில் இழுத்து வந்தான். மாடியக்கா துணிகளைப் போட்டுவிட்டு அலறிக்கொண்டு ஓடி வந்தாள். வீதி கூடிவிட்டது.

"என் தம்பி என்னடா பண்ணான்? சொல்லுடா, என்ன பண்ணான்?"

"அவரையே கேளுங்க. என் பிள்ளை பேச்சு எங்க போச்சுன்னு கேளுங்க."

கூட்டத்தில் யாரும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கொடுமை. ஆளாளுக்கு மனதுக்குள் ஒன்றை நிரப்பிக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் மற்றத் தாய்மார்கள் வந்து, மாடியக்காவின் முகத்தைப் பார்க்காமல், தூங்குகிற பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள்.

மனைவி லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். இனி பிள்ளை தேறிவிடும் என்று டிங்கர் காத்திருந்தான். பட்டறையிலிருந்து வரும்போதெல்லாம் படியில் நின்று, "அப்பா டங்கு சொல்லு" என்பான். பாப்பா அவன் சட்டைப் பொத்தானைப் பார்க்கும். தேறுவதற்குப் பதில் மோசமாகியது. தண்ணீர் வேண்டுமென்றால் தண்ணீரைக் காட்டாமல், தாயின் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் குழாயின் மேல் வைத்தது. மிச்சமிருந்த "அம்மா"வும் ஒரு வாரம் கேட்டு, மறு வாரம் கேட்காமல் போனது. மதியமானால் வாசல் கதவில் தலையை முட்டிக்கொண்டு அழுதது.

"இன்னும் பயம் போகல பாரு," என்றான் டிங்கர்.

"பயந்த பிள்ளை கதவைத் திறக்கச் சொல்லி முட்டுமா?" என்றாள் மனைவி. "அதுக்கு மாடிக்குப் போகணும்ங்க. நான் சொல்றதைக் கேளுங்க. காது டாக்டர் சொன்ன இடத்துக்குப் போயிடலாம்."

பெரிய ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். பொம்மைகளைக் கொடுத்தார், பேர் சொல்லிக் கூப்பிட்டார், சோப்புக் குமிழி ஊதினார். பாப்பா குமிழிக்குத் திரும்பியது, பேருக்குத் திரும்பவில்லை. பொம்மைக் காரைக் கவிழ்த்துப்போட்டுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்த பிறகுதான் டாக்டரம்மா பெரியவர்கள் பக்கம் திரும்பினார்.

"பேச்சு திடீர்னு ஒரே நாள்ல நின்னுச்சா, இல்ல கொஞ்சம் கொஞ்சமாவா?"

"திடீர்னு," என்றான் டிங்கர்.

"இல்ல," என்றாள் மனைவி.

டிங்கர் அவளைப் பார்த்தான். அவள் டாக்டரம்மாவையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"முதல்ல பூனைன்னு சொல்றதை விட்டா. அப்புறம் டாட்டா காட்டுறதை. வேலைக்குப் போகும்போது கையை ஆட்டுவேன், கையைப் பாப்பா, முகத்தைப் பாக்க மாட்டா. அதுக்கப்புறம் ஒவ்வொன்னா. நான் மறுபடி மறுபடி சொல்லிக் குடுத்துப் பாத்தேன். வரல."

"அது எப்ப ஆரம்பிச்சதுன்னு ஞாபகம் இருக்கா?"

"வெயில் காலத்துல. வெயில் உச்சத்துல."

மழை ஆரம்பிக்கிற சமயம் என்று தான் பெயிண்டரிடம் சொன்னது டிங்கரின் காதில் ஒலித்தது. வெயில் காலத்தில் அந்த ஆள் இந்த ஊரிலேயே இல்லை.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். இதற்குப் பெயர் ஆட்டிசம். இந்தப் பிள்ளைகளில் சிலர் ஒன்றரை, இரண்டு வயதுவாக்கில், வந்த பேச்சையும் பழக்கத்தையும் விட்டுவிடுவார்கள். வலிப்பு மாதிரி வேறு எதுவும் இல்லையே என்று ஒரு பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். பயிற்சியை உடனே ஆரம்பிக்க வேண்டும்.

"யாராவது பயமுறுத்தி... அடிச்சு கிடிச்சு... அதனால வந்திருக்குமா டாக்டர்?" டிங்கரின் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"வராது. பயத்தால, அடியால, அம்மா வேலைக்குப் போறதால எல்லாம் இது வர்றதில்ல. பிறக்கும்போதே மூளை வளர்ற விதம் வேற. இருந்த வார்த்தை ஏன் போகுதுன்னு கேட்டா, எங்களுக்கே முழுசாத் தெரியாது."

"திரும்ப வருமா?"

"நிறைய பிள்ளைங்களுக்கு வருது. சில பிள்ளைங்களுக்கு வர்றதில்ல, வேற வழில சொல்லக் கத்துக்கிறாங்க. இப்பவே சொல்ல முடியாதுங்க."

பஸ் நிறுத்தத்தில் நிழலே இல்லை. மனைவி பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"உனக்குத் தெரியும்," என்றான் டிங்கர்.

"தெரியும்."

"நான் அந்த ஆளை அடிச்சு இழுத்துட்டு வரும்போதும் தெரியும்."

"தெரியும்."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா யாரைக் கேப்பீங்க? என்னைத்தானே கேப்பீங்க. பிள்ளையை அடுத்தவங்ககிட்ட விட்டுட்டு எவளுக்கோ பில் போடப் போனியேன்னு. உங்க அக்கா கேக்கும். எங்க அம்மாவே கேக்கும்." அவள் குரல் உடையவில்லை, வறண்டிருந்தது. "நானே என்னைத் தினம் கேட்டுட்டிருந்தேன். நீங்க அவர்தான்னு சொன்னதும் எனக்கு மூச்சு வந்துச்சுங்க. அப்பாடா, நான் இல்லைன்னு. பொய்யுன்னு தெரிஞ்சும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன்."

அவளைத் திட்ட வேண்டும்போல இருந்தது டிங்கருக்கு. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் பிடித்துக்கொண்டது அவன் நீட்டிய பொய்யைத்தானே. பாப்பா வெயிலில் கண்ணைச் சுருக்கி, எதிரே வந்த சைக்கிளின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிணி கிணி என்று சொல்லவில்லை. அவன் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் செருப்புச் சத்தம் கேட்கும்படியாகவே மாடி ஏறினான். ஃபேன்காரர்தான் கதவோரம் வந்தார். டிங்கரைப் பார்த்ததும் அவர் கை தன்னை அறியாமல் முகத்துக்கு உயர்ந்தது. பிறகு மெல்ல இறங்கியது. உதட்டில் தையல் தழும்பு.

"அண்ணே..."

"இருங்க சார். அக்காவைக் கூப்பிடறேன்."

சார் என்கிற அந்தச் சொல் டிங்கரைக் கன்னத்தில் அறைந்தது. தம்பி என்று கூப்பிட்ட வாய்.

நடந்ததையெல்லாம் வாசலில் நின்றே சொன்னான். மாடியக்கா சுவரில் சாய்ந்து கேட்டாள். இவ்வளவு காலம் வாயில் வைத்திருந்த வசவையெல்லாம் கொட்டப்போகிறாள் என்று எதிர்பார்த்தான். அவள் வேறொன்று சொன்னாள்.

"பிள்ளை மாறிப்போச்சுன்னு எனக்கும் தெரியும்டா. நானும் வெயில் காலத்துலயே பாத்துட்டேன். இவன் வந்த பிறகு சொல்லிடலாம் சொல்லிடலாம்னான். பெத்தவங்ககிட்ட போய் உன் பிள்ளைக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு சொன்னா, உங்கிட்ட இருந்ததாலதான்னு திருப்பிடுவாங்க, சும்மா இருடான்னு அடக்கிட்டேன். என் பிழைப்பு என் கண்ணை மறைச்சுது. அடி அவனுக்கு விழுந்துச்சு."

"போலீசுக்குப் போயிருக்கலாமே அண்ணே. நான் மாட்டியிருப்பேன்," என்றான் டிங்கர்.

ஃபேன்காரர் தரையைப் பார்த்துச் சொன்னார்: "போனா முதல்ல யாரை சார் உள்ள உக்கார வைப்பாங்க?"

டிங்கர் அந்த வாரமே, மாடியக்காவிடம் பிள்ளைகளை விடுவதை நிறுத்திய ஒவ்வொரு வீட்டுக்கும் போனான். தப்பு தன்மேல்தான், டாக்டரே சொல்லிவிட்டார் என்றான். எல்லோரும் மரியாதையாகத்தான் கேட்டார்கள். "ஐயோ பாவம்" என்றார்கள். "இருந்தாலும் இப்ப வேற இடத்துல விட்டுப் பழகிடுச்சு" என்றார்கள். ஒரு தாய் மட்டும் மனதில் இருந்ததை மறைக்கவில்லை: "நீங்க தப்பா நினைச்சதா சொல்றீங்க. முதல்ல சொன்னது சரியா இருந்துட்டா? எதுக்கு ரிஸ்க்?" பெயிண்டரோ, "டாக்டருங்க ஆயிரம் சொல்வாங்க, நான் ஒன்னும் சொல்லல" என்று ஸ்ப்ரே துப்பாக்கியைத் துடைத்தார். இன்னொன்றும் உண்டு. அதை டிங்கர் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாம் தெரிந்த பிறகும், பாப்பா தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்தால், அவன் கண் ஒரு நொடி மாடி வீட்டுப் பக்கம், கூரையைத்தான் பார்த்தது. பிறகு தன்னையே காறித் துப்பலாம்போல இருக்கும்.

மனைவி பாதி நேர வேலைக்கு மாறிக்கொண்டாள். காலையில் பயிற்சிக்குக் கூட்டிப் போவாள். மதியம் கொஞ்ச நேரத்துக்குத்தான் ஆள் வேண்டியிருந்தது. "கொண்டாந்து விடு. பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு?" என்று மாடியக்காவே சொல்லி அனுப்பினாள். ஃபேன்காரர் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் பாப்பா படியேறுகிற சத்தம் கேட்டதும் கையிலிருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுவார். எதிரே பூட்டிக் கிடக்கிற கடையின் ஷட்டரோரம் நிற்பார். வெயிலோ காற்றோ, பாப்பா இறங்கிப் போகும்வரை வீட்டுப் படியில் கால் வைக்க மாட்டார். போகிற வருகிறவர்கள் கண்ணில் படும்படி, வீதியைப் பார்த்து நிற்பார். முதலில் வீதி வேடிக்கை பார்த்தது. பிறகு அதற்கும் பழகிவிட்டது.

ஒரு மதியம் நல்ல மழை பிடித்துக்கொண்டது. டிங்கர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பட்டறையிலிருந்து ஓடி வந்தான். ஃபேன்காரர் அங்கேதான் நின்றார். ஷட்டரின் மேல்தகரம் அரை ஆளைக்கூட மறைக்காது. ஒரு தோள் நனைந்து சட்டை ஒட்டியிருந்தது.

"மேல போங்கண்ணே. நான் போய்ப் பாப்பாவைக் கூட்டிட்டு வந்துடறேன்."

"வேணாம் சார். இப்பதான் சோறு ஊட்ட ஆரம்பிச்சிருக்கு அக்கா. பாதியில எழுப்பினா அவ அப்புறம் சாப்பிடவே மாட்டா."

"அப்ப நீங்களும் போங்க. நான் சொல்றேன்ல?"

"நீங்க இன்னைக்குச் சொல்றீங்க." அவர் குரலில் கோபம் இல்லை. "நாளைக்கு அவளுக்கு வேற ஏதாவது ஒன்னு ஆச்சுன்னா?"

சாக்கிலிருந்து தண்ணீர் கழுத்துக்குள் இறங்கியது. அவன் நகராமல் நின்றான்.

"நீங்க போங்க சார்," என்றார் ஃபேன்காரர். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. "ரெண்டு பேரும் இப்படி நின்னா, மறுபடி என்ன நடந்துச்சுன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்ணே. சொல்றேன்."

"என்னன்னு?"

"இந்த மனுஷனை நான் அடிச்சேன்னு. ஒரு காரணமும் இல்லாம அடிச்சேன்னு. கேக்குற ஒவ்வொருத்தருக்கும் சொல்றேன்."

ஃபேன்காரர் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஷட்டரோடு ஒட்டி ஓர் அடி தள்ளி நின்றார், இன்னோர் ஆள் நிற்கிற அளவுக்கு.